அக்காவிடம் எந்த டிஸ்க் வாங்கிவரச் சொல்வது?

பெங்களூரு ராமமூர்த்தி நகரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “அண்ணா, ஆறு வருடமாக ஃபிரிஸ்பீ வீசி ஆடும் அல்டிமேட் ஆடுகிறேன். டல்லாஸில் இருக்கும் மாமா போன தடவை வந்தபோது டெஸ்ட்ராயர் என்ற டிஸ்க் கால்ஃப் டிரைவர் ஒன்று கொடுத்துவிட்டுப் போனார், தூரமாக வீசுகிற வகை, 175 கிராம். முழு பலத்தோடு வீசினாலும் இடதுபக்கம் திரும்பி 60 மீட்டரில் தொப்பென்று விழுகிறது. என் அல்டிமேட் டிஸ்க்கே 55 மீட்டர் போகும். டிசம்பரில் அக்கா அங்கிருந்து வருகிறாள். இன்னும் வேகமான டிரைவராகக் கொண்டுவரச் சொல்லலாமா? 13, 14 நம்பர் எல்லாம் இருக்கிறதாமே. நான் வலது கை, பேக்ஹேண்ட்.”

சொல்லாதீர்கள். அக்கா ஏற்கனவே 13 வாங்கிவிட்டால் அதை அங்கேயே மாற்றி 6 அல்லது 7 வாங்கிவரச் சொல்லுங்கள். ஆமாம், ஆறு, ஏழுதான்.

உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரியும். நான் வாங்கிய முதல் டிரைவரே ஸ்பீடு 13. அல்சூர் பக்கம் ஒரு மைதானத்தில், காலை ஆறு மணிக்கு, பெரிய ஆள் மாதிரி ஓடி வந்து வீசினேன். கொஞ்ச தூரம் நேராகப் போய், இடதுபக்கம் சாய்ந்து, காம்பவுண்டைத் தாண்டி டீக்கடைத் தகரக் கூரைமேல் இறங்கியது. கடைக்காரர் கூரையில் குரங்கு குதித்துவிட்டது என்று நினைத்துக் குச்சியோடு வெளியே வந்தார். டிஸ்க்கைத் திரும்ப வாங்க இரண்டு டீ குடிக்க வேண்டியிருந்தது.

டிஸ்க்கின் மேல் நான்கு எண்கள் இருக்கும். டெஸ்ட்ராயருக்கு 12, 5, -1, 3. வரிசையாக ஸ்பீடு, கிளைடு (மிதப்பு), டர்ன், ஃபேடு. எல்லோரும் முதல் எண்ணைப் பார்த்துத்தான் வாங்குகிறோம், அங்கேதான் தப்பு நடக்கிறது. அந்த 12 உங்கள் கையிடம் டிஸ்க் கேட்கும் வேகம். கேட்டதைக் கொடுத்தால் மற்ற மூன்று எண்களில் சொன்னபடி பறக்கும். கொடுக்காவிட்டால் கடைசி எண் மட்டும்தான் வேலை செய்யும். 3 என்ற ஃபேடு, அதாவது வேகம் செத்த பிறகு இடதுபக்கம் சாய்கிற குணம். உங்கள் டெஸ்ட்ராயர் கிளம்பும்போதே அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் இருக்கிறது.

ஏன் இப்படி? பம்பரம் விட்டவர்களுக்குத் தெரியும். சுற்றுகிற பம்பரத்தை ஒரு பக்கம் தட்டினால் அது தட்டிய திசையில் சாயாது, அதற்குக் குறுக்கே சாயும். டிஸ்க்கும் பம்பரம்தான். நல்ல வேகத்தில் போகும்போது காற்று அதைத் தூக்குகிற இடம் நடுவுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கும், மூக்கு, அதாவது முன்விளிம்பு, கீழே அமுங்கப் பார்க்கும். ஆனால் டிஸ்க் சுழல்வதால் அந்த அழுத்தம் குறுக்கே திரும்பி, வலது கை பேக்ஹேண்டில் டிஸ்க் வலதுபக்கம் சாயும். அதுதான் டர்ன். வேகம் குறைந்து டிஸ்க் கீழிறங்க ஆரம்பித்ததும் தூக்குகிற இடம் முன்னால் நகரும், மூக்கு மேலே எழப் பார்க்கும், டிஸ்க் இடதுபக்கம் சாயும். அது ஃபேடு. இடது கைக்காரர்களுக்கு எல்லாமே தலைகீழ். அகலமான, கூரான ரிம், அதாவது விளிம்பு, காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என்பது உண்மைதான். டெஸ்ட்ராயரின் ரிம் ஏறக்குறைய 2.2 செ.மீ. அகலம், போட்டி விதிப்படி அதிகபட்சமே 2.6 தான். ஆனால் அந்த ரிம் முதல் பாதியில் தன் வேலையைக் காட்ட வேண்டுமானால் கையிலிருந்து கிளம்பும்போதே வேகம் இருக்க வேண்டும்.

சரி, உங்கள் வேகம் எவ்வளவு? ரேடார் வேண்டாம், ஃபோன் போதும். மைதானத்தில் சரியாக 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சி நடுங்கள். கிரிக்கெட் பிட்ச் இருந்தால் இன்னும் சுலபம்: ஸ்டம்புக்கு ஸ்டம்பு 20 மீட்டர், அதில் பாதி. முதல் குச்சிக்குப் பக்கத்தில் நின்று குச்சிகளின் வரிசையிலேயே வீசுங்கள். நண்பர் ஒருவர் பக்கவாட்டில், குறைந்தது 15 மீட்டர் தள்ளி நின்று, இரண்டு குச்சியும் தெரிகிற மாதிரி ஸ்லோமோஷனில் எடுக்கட்டும். பல ஃபோன்களில் நொடிக்கு 240 ஃபிரேம் கிடைக்கும். வீட்டுக்கு வந்து, டிஸ்க் முதல் குச்சியைத் தாண்டிய ஃபிரேமிலிருந்து இரண்டாவதைத் தாண்டும் ஃபிரேம் வரை எண்ணுங்கள். 8640-ஐ அந்த எண்ணிக்கையால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 120 ஃபிரேம் என்றால் 72. 108 என்றால் 80. 90 என்றால் 96. பத்து தடவை வீசி நடுவில் வருகிற எண்ணை எடுங்கள். நன்றாக விழுந்த ஒரே ஒரு வீச்சை எடுத்துக்கொண்டு “நான் 90” என்று சொல்லித் திரிகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு, அது கணக்கில் சேராது.

இதை எண்ணோடு பொருத்துவது அனுபவக் கணக்குதான், கல்வெட்டு இல்லை. 70 கிலோமீட்டரைத் தொட்டால் ஸ்பீடு 7 டிஸ்க் பேச்சுக் கேட்கும். 80, 85 வந்தால் 9. டெஸ்ட்ராயர் வகைக்கு 95-க்கு மேல், அதுவும் நேராக, தள்ளாடாமல். தூரத்தில் சொன்னால், 7-ஐ வைத்துக்கொண்டு 85, 90 மீட்டர் நிதானமாக வீச முடிகிறவர்தான் 11, 12 பக்கம் போகலாம். தொழில்முறை ஆட்டக்காரர்கள் 110-ஐத் தாண்டுகிறார்கள். அந்த வீடியோவைப் பார்த்து அவர்கள் பையில் இருப்பதையே நாமும் வாங்குவது, ஃபார்முலா ஒன் டயரைப் பார்த்து ஆக்டிவாவுக்குக் கேட்கிற கதை. 2016-இல் டேவிட் விகின்ஸ் ஜூனியர் 338 மீட்டர் வீசி உலக சாதனை செய்தார், நெவாடா பாலைவனத்தில், நல்ல காற்றின் துணையோடு. நமக்கு அவுட்டர் ரிங் ரோட்டில் அந்தக் காற்று கிடைக்காது.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் வேகம் 70-க்கும் 75-க்கும் நடுவில் இருக்கும். உங்களுக்கு லெப்பர்டு என்ற டிஸ்க் சரி: 6, 5, -2, 1. லெப்பர்டு3 என்பது அதன் தட்டையான தம்பி, ஸ்பீடு 7, மற்றபடி அதே எண்கள். லாட்டிட்யூடு 64 கம்பெனியின் ரிவர் கிடைத்தால் அதுவும் நல்லது, கிளைடு 7, மிதந்துகொண்டே போகும். அல்டிமேட் ஆடியவர்களுக்கு அந்த மிதப்பு கைக்குப் பழக்கமானது. இவற்றில் எதை எடுத்தாலும் சில வாரங்களில் உங்கள் டெஸ்ட்ராயர் தூரத்தைத் தாண்டிவிடுவீர்கள்.

பெங்களூருக்கென்று ஒரு சங்கதி உண்டு. நாம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். காற்றின் அடர்த்தி சென்னையைவிட 8, 9 சதவீதம் குறைவு. காற்று மெலிந்தால் டிஸ்க்கைத் தூக்குகிற பலமும் குறையும், வலதுபக்கம் திருப்புகிற பலமும் குறையும். எலியட்ஸ் கடற்கரையில் நேராகப் போகிற டிஸ்க் இங்கே சீக்கிரமே இடதுபக்கம் இறங்கிவிடும். அதனால் இந்த ஊருக்கு வாங்கும்போது டர்ன் எண் -2 அல்லது -3 என்று கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து அடிக்கிற காற்று மட்டும் கணக்கை மாற்றும். எதிர்க்காற்றில் எந்த டிஸ்க்கும் வழக்கத்தைவிட வலதுபக்கம் திரும்பும், லெப்பர்டு குப்புறக் கவிழ்ந்துவிடும். மாமாவின் டெஸ்ட்ராயருக்கு அப்போது வேலை வரும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொரு பழி டிஸ்க்கின் மேல் இல்லை, உங்கள் மணிக்கட்டின் மேல். அல்டிமேட் டிஸ்க்கில் மூக்கு கொஞ்சம் தூக்கியிருந்தாலும் அது மன்னிக்கும், அகலம் பெரியது, வேகம் குறைவு. டிரைவர் மன்னிக்காது. மூக்கு தூக்கினால் மேலே ஏறி, நின்று, இடதுபக்கம் சரியும். நீங்கள் எழுதிய “தொப்பென்று” என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வந்தது. டபராவிலிருந்து டம்ளருக்குக் காபி ஊற்றும்போது மணிக்கட்டு கட்டைவிரல் பக்கமிருந்து கீழே இறங்குமே, கையை விடும் நேரத்தில் அந்த வாட்டத்தை வைத்துப் பாருங்கள். நான்கு விரலும் ரிம்முக்கு அடியில் மடங்கியிருக்கட்டும், அல்டிமேட் பிடி மாதிரி விரலைத் தட்டுக்கு அடியில் விரிக்காதீர்கள். ஒரு வாரம் இதை மட்டும் செய்தாலே சில மீட்டர் கூடும்.

ஃபோர்ஹேண்ட் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் அல்டிமேட்காரர் என்பதால் சொல்கிறேன். உங்கள் ஃபோர்ஹேண்ட், அல்டிமேட்டில் ஃபிளிக் என்பீர்களே, அது பேக்ஹேண்டைவிட வலுவாகவே இருக்கும். ஃபிளிக்கில் சுழற்சி குறைவு, தள்ளாட்டம் அதிகம், அதனால் லெப்பர்டு கவிழப் பார்க்கும். ஃபிளிக்குக்கு டீபேர்டு மாதிரி அடங்கிய ஒன்று வேண்டும்: 7, 5, 0, 2.

எப்போது அடுத்த படி ஏறுவது? காற்றில்லாத காலையில் லெப்பர்டைத் தட்டையாக விடுங்கள். நேராகக் கிளம்பி, நடுவில் கொஞ்சம் வலதுபக்கம் நகர்ந்து, கடைசியில் இடதுபக்கம் திரும்பி வந்து இறங்கினால் டிஸ்க்கும் கையும் ஒத்துப்போகின்றன. இடதுபக்கம் மட்டுமே போனால் இன்னும் அதற்குக்கூட வேகம் போதவில்லை, அல்லது மூக்கு தூக்குகிறது. தள்ளாட்டம் இல்லாமல் வீசியும் வலதுபக்கம் போய்த் திரும்பாமலே தரையில் உருண்டால், அதுவும் பத்தில் ஏழெட்டு தடவை, அப்புறம் வால்கிரிக்குப் போகலாம்: 9, 4, -2, 2. சைட்வைண்டர் இன்னும் தாராளம்: 9, 5, -3, 1. எனக்கு ஏழிலிருந்து ஒன்பதுக்கு ஏற ஒன்றரை வருடம் ஆனது. அந்த 13? இப்போது அதன் மேல் என் பூந்தொட்டி உட்கார்ந்திருக்கிறது.

அக்காவுக்கு அனுப்ப வேண்டிய செய்தி இதுதான். லெப்பர்டு இரண்டு, ஒன்று சாதாரண பிளாஸ்டிக், இன்னொன்று விலை கூடிய ஸ்டார் வகை. சாதாரணமானது பத்து டாலருக்குப் பக்கத்தில், ஸ்டார் அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. நம் மைதானங்களின் கல்லிலும் சிமெண்டிலும் பட்டு சாதாரணமானது சீக்கிரம் தேயும், தேயத் தேய இன்னும் வலதுபக்கம் திரும்பும் குணம் வரும், அதுவே தனி டிஸ்க் மாதிரி உபயோகப்படும். கூடவே வருங்காலத்துக்கு ஒரு சைட்வைண்டர். எடை 160 முதல் 168 கிராம் போதும், 175 வேண்டாம். லேசான டிஸ்க்குக்கு உங்கள் கை சுலபமாக வேகம் கொடுக்கும். நிறம் பளிச்சென்ற பிங்க் அல்லது ஆரஞ்சு. பச்சை வேண்டவே வேண்டாம், மழைக்காலப் புல்லில் அரை மணி நேரம் தேடுவீர்கள். சூட்கேஸில் துணிகளுக்கு நடுவில் படுக்கவைத்து எடுத்துவரச் சொல்லுங்கள். வந்ததும் அழியாத மார்க்கரால் அடிப்பக்கம் உங்கள் ஃபோன் நம்பரை எழுதிவிடுங்கள், டீக்கடைக்காரர் கூப்பிட வசதியாக இருக்கும்.