ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மரம்

கேள்வி: நான் ஓவியர். நாட்டை விட்டு வந்து ஆறு வருடம் ஆகிறது. இப்போதைக்குத் திரும்ப முடியாது. இங்கே கண்காட்சி நடத்துகிறவர்கள் போரையும் சிறையையும் வரைந்தால்தான் இடம் தருகிறார்கள். போன மாதம் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மரத்தை வரையத் தொடங்கினேன். அங்கே மாட்டிக்கொண்டவர்களுக்குத் துரோகம் செய்கிறேனோ என்று தோன்றியது. பாதியில் நிறுத்திவிட்டேன். நான் செய்தது சரியா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: முதலில் அந்த மரத்தை வரைந்து முடியுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் 'துரோகம்' என்ற சொல்லைத் தாண்ட முடியவில்லை. அது உங்களுக்குப் பொருந்தாத சொல்.

1908இல் கைதுக்குத் தப்பிப் புதுச்சேரிக்குப் போன பாரதி, பத்து வருடம் அங்கேயே இருந்தார். வீட்டைச் சுற்றி ஒற்றர்கள். அவருடைய 'இந்தியா' பத்திரிகை பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழையத் தடை. அந்த வருடங்களில்தான் 'பாஞ்சாலி சபதம்' எழுதினார். 'குயில் பாட்டு' எழுதியதும் அப்போதுதான். நாடு அடிமைப்பட்டுக் கிடக்கும்போது மாஞ்சோலையும் குயிலின் காதலும் எதற்கு என்று நாம் அவரைக் கேட்கிறோமா? உங்களை மட்டும் ஏன் கேட்டுக்கொள்கிறீர்கள்?

உங்கள் துறைக்காரர் ஒருவரையும் சொல்கிறேன். கர்ட் ஷ்விட்டர்ஸ். ஜெர்மனியின் ஹானோவரில் தன் வீட்டு அறைகளையே ஒரு சிற்பமாக வருடக்கணக்கில் வளர்த்துக்கொண்டிருந்தவர். நாஜிகளிடமிருந்து தப்பி 1937இல் நார்வே போனார். 1940இல் ஜெர்மன் படை அங்கேயும் வந்ததும் பிரிட்டனுக்கு ஓடினார். பிரிட்டனோ, எதிரி நாட்டவர் என்று ஐல் ஆஃப் மேன் தீவில் ஒரு முகாமில் ஒரு வருடத்துக்கும் மேல் அடைத்து வைத்தது. வரைவதற்குத் துணி இல்லை. தரையில் விரித்திருந்த லினோலியத்தைப் பெயர்த்தெடுத்து அதில் வரைந்தார். காலையில் மிஞ்சிய ஓட்ஸ் கஞ்சியைச் சேர்த்து வைத்துச் சிற்பம் செய்தார். அது பூஞ்சணம் பிடித்துப் பச்சையாகி நாறியது, அவர் விடவில்லை. 1943இல் ஹானோவர் வீடு குண்டுவீச்சில் அழிந்தே போனது. முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு அவருடைய ஒட்டுப்படங்களில் பிரிட்டனின் பஸ் டிக்கெட்டும் மிட்டாய்த் தாளும் வந்து ஒட்டிக்கொண்டன. பிழைப்புக்கு மலைகளையும் ஏரிகளையும் அக்கம்பக்கத்தார் முகங்களையும் வரைந்தார். அப்புறம் 1947இல், சாவதற்குச் சில மாதம் முன்பு, ஒரு கொட்டகைச் சுவரில் ஹானோவர் வீட்டில் செய்த அந்தப் பழைய சிற்ப வேலையை மறுபடியும் தொடங்கினார்.

ஏரியை வரைந்த வருடங்களில் அவர் ஹானோவரை மறந்துவிடவில்லை. மரத்தை வரைவதால் நீங்களும் எதையும் மறந்துவிடப் போவதில்லை.

கண்காட்சிக்காரர்கள் மேல் எனக்குக் கோபம்தான். உங்கள் காயத்தைக் கேட்கிறார்கள், உங்கள் கண்ணைக் கேட்பதில்லை. வாடகைக்காகப் போர்ப் படங்களை விற்க வேண்டியிருந்தால் விற்றுவிடுங்கள், அதில் வெட்கமே இல்லை. ஆனால் நீங்கள் பார்க்காத போரை அவர்கள் கேட்டார்கள் என்பதற்காக வரையாதீர்கள். அடுத்த முறை போர்ப் படங்களுக்கு நடுவில் மரத்தையும் மாட்ட வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். படத்துக்குக் கீழே என்ன எழுதப்போகிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 'அகதி ஓவியர்' என்று போட்டிருந்தால், பிடிக்காவிட்டால், அடித்துவிட்டு வெறும் பெயரை எழுதித் திருப்பி அனுப்புங்கள். புனைபெயராக இருந்தாலும் சரி.

ஒரே ஒரு விஷயத்தில் அங்கே இருப்பவர்களை நினைத்துக் கையை அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும்: அடையாளம் தெரிகிற முகம், வீட்டு வாசல், தெருமுனை. இங்கே சுவரில் மாட்டிய படம் அன்று இரவே யாருடைய போனிலாவது அங்கே போய்ச் சேர்ந்துவிடும். அதற்கு விலை கொடுக்கப்போவது நீங்கள் இல்லை. முகத்தை வரைந்தே ஆக வேண்டும் என்றிருந்தால் வரையுங்கள். யாருக்கும் காட்டாமல் பத்திரமாக வையுங்கள், காட்டுகிற காலம் வரட்டும்.

அந்த மரத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இலை உதிரத் தொடங்கிவிட்டால், பாதியில் நிற்கும் படத்துக்காக இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும்.