சோலார் வந்த பிறகு ஃபால்ட் தேடுவது

கேள்வி: எங்கள் 11 கே.வி. ஃபீடரில் (துணை மின்நிலையத்திலிருந்து வரும் மின்பாதையில்) பல வீடுகளில் சோலார் வந்துவிட்டது. பழுதான இடத்தைக் கண்டுபிடிப்பது இதனால் சிரமமாகுமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: கூரை சோலாரால் பெரிதாக ஆகாது. பழுது நேரத்தில் சோலாரின் இன்வெர்ட்டர் வழக்கத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக, ஏறக்குறைய 1.2 மடங்குதான், மின்னோட்டம் தள்ளும். சின்க்ரனஸ் ஜெனரேட்டர் (டர்பைன் அல்லது எஞ்சினால் சுழலும் ஜெனரேட்டர்) லைனோடு இணைந்திருந்தால் 5, 6 மடங்கு. சிக்கல் அங்கேதான். துணை மின்நிலையத்தில் பழுதை உணரும் கருவியான ரிலே, வோல்டேஜை மின்னோட்டத்தால் வகுத்துத் தூரம் சொல்கிறது. நடுவிலுள்ள ஜெனரேட்டரும் பழுதுக்கு ஊட்டினால் அந்தப் பங்கு ரிலேக்குத் தெரியாது. 4 கிலோமீட்டரில் இருப்பதை 5 என்று காட்டிவிடும். ஜெனரேட்டர் பழுதுக்கு அப்பால் இருந்தால், பழுது மின்னோட்டம் பாய்ந்ததும் விளக்கு சிமிட்டும் கம்பத்து ஃபால்ட் இண்டிகேட்டரும் பழுதைத் தாண்டிச் சிமிட்டும். மின்னோட்டம் வரும் திசையை அறியும் இண்டிகேட்டர்தான் இங்கே உதவும்.

ரிலே பிரிவில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், கருவி பழுதுள்ள பகுதியைத்தான் காட்டும், சரியான இடத்தை நாம்தான் தேட வேண்டும். கம்பியைத் தாங்கும் பீங்கானான பின் இன்சுலேட்டரில் மயிரிழை விரிசல் இருந்தால் கீழே நின்று பார்க்கத் தெரியாது. பனி இறங்கும் விடியலில் லைன் ட்ரிப் ஆகும் (தானாகத் துண்டிக்கப்படும்). வெயில் ஏறினால் லைன் தாங்கும். ஏ.பி. சுவிட்சை (கம்பத்தில் லைனைப் பிரிக்கும் சுவிட்சை) திறந்து லைனைப் பாதி பாதியாகத்தான் சோதிக்க வேண்டும். அப்போது, சோலார் தானாக அணைந்திருக்கும் என்று நம்பி யாரும் ஏறவே கூடாது. வேலை செய்யும் இடத்தின் இருபுறமும் லைனைப் பூமியோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டிய பிறகே லைனில் கை வைக்கலாம்.