ஊர்க் கிளை அஞ்சலகம் மூடப்படாமல் இருக்க ஊர்க்காரர்கள் என்ன செய்யலாம்?

கடிதம் குறைந்துவிட்டது, அதனால் அஞ்சலகத்துக்கு வேலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். கிராமத்தில் நிலைமை அப்படியில்லை. கிளை அஞ்சலகத்தின் உயிர் இப்போது சேமிப்புக் கணக்குகளில்தான் இருக்கிறது. மூடுவதா, வேறு இடத்துக்கு மாற்றுவதா என்று பார்க்கும்போது அதன் வருமானத்தையும் கணக்கில் எடுப்பார்கள். அதனால் டவுனுக்குப் போய்ப் போடும் தொடர் வைப்பு, செல்வமகள் சேமிப்பு, 1995-இல் வந்த கிராமிய அஞ்சல் ஆயுள் காப்பீடு எல்லாவற்றையும் உங்கள் ஊர்க் கிளையிலேயே போடுங்கள். இதுதான் முதல் வேலை.

அப்புறம், 2018-இல் தொடங்கிய இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி என்ற அஞ்சல் துறை வங்கிச் சேவை. ஆதாரோடு இணைந்த எந்த வங்கிக் கணக்கிலிருந்தும், தபால்காரரின் கருவியில் விரல் வைத்து, வீட்டுத் திண்ணையிலேயே பணம் எடுக்கலாம். முதியோர் உதவித்தொகைக்காக பஸ் ஏறி வங்கிக்குப் போய் வரிசையில் நிற்கும் பாட்டிகளுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும். உழைத்துத் தேய்ந்த விரலில் ரேகை சில நேரம் பதியாது. ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்தால் பெரும்பாலும் சரியாகும்.

மூடும் பேச்சு வந்துவிட்டால் காத்திருக்காதீர்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டு, அதன் நகலைக் கோட்ட அஞ்சல் கண்காணிப்பாளருக்கும் உங்கள் தொகுதி எம்.பி.க்கும் அனுப்புங்கள். வாடகையில்லாமல் ஓர் அறை தர ஊராட்சி முன்வந்தால், அதையும் அந்த மனுவிலேயே எழுதுங்கள்.