ஜெனரேட்டரைப் படம் பிடிக்கும் பையனை என்ன படிக்க வைப்பது?

ஆச்சி,

சனிக்கிழமை நீங்கள் கானாடுகாத்தானிலிருந்து பஸ் பிடித்து வந்தும் பாதிப் பேச்சுதான் பேச முடிந்தது. காலேஜ் அட்மிஷன் கவுன்சிலிங் நேரத்தில் ஆபீஸ் அப்படித்தான் இருக்கும். மீதியை எழுதிவிடுகிறேன்.

"நாள் முழுக்க ஜெனரேட்டரைப் படம் எடுக்கிறான். இல்லாவிட்டால் ஜெனரேட்டர் செய்கிறேன் என்று அடுப்படியில் உட்கார்ந்துகொள்கிறான். போட்டோவா, கரண்டா, எதில் சேர்ப்பது?" என்று கேட்டீர்கள். எலெக்ட்ரிக்கலில் சேருங்கள். கேமராவைப் பிடுங்காதீர்கள். பிள்ளைக்கு இது இரண்டும் ஒரே வேலைதான், நமக்குத்தான் இரண்டாகத் தெரிகிறது.

உங்கள் வீட்டில் ஷூட்டிங் நடந்ததைச் சொன்னீர்கள். ஊரே முகப்பில் ஹீரோவைப் பார்க்க நிற்க, இவன் பின்வாசல் தெருவில் ஜெனரேட்டர் வண்டிக்கு முன்னால் குந்தியிருந்தானாம். நீங்கள் அதைக் குறையாகத்தான் சொன்னீர்கள். எனக்கு அவன்மேல் நம்பிக்கை வந்ததே அங்கேதான்.

அவன் போனை வாங்கிப் பார்த்தேன். திருவிழா சீரியல் செட்டுக்காரரின் டீசல் செட், ஜவுளிக்கடை வாசலில் கூண்டுக்குள் நிற்பது, செல்போன் டவருக்குக் கீழே இருப்பது, ஜூஸ் கடைக்காரர் கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணும் சின்னப் பெட்ரோல் செட். எல்லாம் நேர் முன்னாலிருந்து, ஏறக்குறைய ஒரே தூரத்திலிருந்து. யாரும் சொல்லிக்கொடுக்காமலே அப்படி எடுத்திருக்கிறான். ஜெர்மனியில் பெர்ன்ட் பெஷர், ஹில்லா பெஷர் என்று ஒரு தம்பதி 1959 முதல் பல பத்தாண்டுகள் தண்ணீர்த் தொட்டி, இரும்பு உலை, சுரங்கக் கோபுரம் என்று இப்படியேதான் எடுத்தார்கள். மேகம் மூடிய நாளில், நிழல் விழாமல், ஒரே கோணத்தில் எடுத்து வரிசையாக மாட்டினார்கள். 1990இல் வெனிஸ் கண்காட்சியில் அவர்களுக்குத் தங்கச் சிங்க விருது கிடைத்தது, அதுவும் சிற்பப் பிரிவில்! தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். இப்படி ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியட்டும்.

அப்புறம் ஒரு ஜோடிப் படம் காட்டினான். ஜாலிக்குள் சுழலும் ஆல்டர்னேட்டர் (ஜெனரேட்டரில் கரண்ட் உண்டாக்கும் பாகம்) விசிறி. ஒன்றில் வெறும் புகைத்தட்டு மாதிரி இருக்கிறது, இன்னொன்றில் இறக்கை நின்றுவிட்டது. எப்படி என்றேன். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 அலை, நாலு காந்தத் துருவம் உள்ள ஆல்டர்னேட்டர் சுற்றுக்கு இரண்டு அலை தரும், 50ஐக் கொடுக்க நிமிடத்துக்கு 1500 சுற்றுச் சுற்ற வேண்டும், அதாவது விநாடிக்கு 25 சுற்று என்றான். விநாடியில் 25இல் ஒரு பங்கு ஷட்டரைத் திறந்து வைத்தால் விசிறி ஒரு முழு வட்டம் போய்விடும். 2000இல் ஒரு பங்கு வைத்தால் நாலரை டிகிரிதான் நகரும். பேப்பரில் போட்டும் காட்டினான். இறக்கை கொஞ்சம் வளைந்து தெரிகிறதே என்றதற்கு, போன் கேமரா படத்தை வரிவரியாகப் படிக்கிறது, கீழ் வரிக்கு வருவதற்குள் இறக்கை நகர்ந்துவிடுகிறது என்றான். ஆச்சி, இரண்டாம் வருஷம் எலெக்ட்ரிக்கல் படிக்கிற பையன்களில் எத்தனை பேர் இதைத் தடுமாறாமல் சொல்வார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான்.

அடுப்படி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் குப்பை என்று சொன்னதில் நாலு வேறு வேறு ஜெனரேட்டர் இருக்கிறது. தையல் மெஷின் சக்கரத்தில் சைக்கிள் டைனமோவை ஓட்டுவது ஒன்று. பி.வி.சி. பைப்பில் செப்புக் கம்பி சுற்றி, உள்ளே காந்தத்தை விட்டுக் குலுக்குவது இன்னொன்று. கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் காந்தம் அசைந்தால் கரண்ட் வரும் என்று 1831இல் விஞ்ஞானி ஃபாரடே கண்டதுதான் இந்த இரண்டுக்கும் ஆதாரம். புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை கற்கப் போன பிள்ளை அவர். மூன்றாவது, நீங்கள் திட்டிய அந்த வெள்ளைச் சில்லு. ஒரு பக்கம் அடுப்புச் சூடு, மறுபக்கம் ஐஸ் தண்ணீர் டம்ளர், அந்தச் சூட்டு வித்தியாசமே கரண்ட் ஆகி, குட்டி பல்பு எரிகிறது. 1977இல் ஏவிய வாயேஜர் விண்கலங்களுக்கும் மின்சாரம் இதே தத்துவத்தில்தான் வருகிறது. அங்கே அடுப்புக்குப் பதில் புளூட்டோனியத்தின் சூடு. நாலாவது, இரண்டு டப்பாவில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்து பொறி தட்டுவது. கெல்வின் என்ற விஞ்ஞானி 1867இல் செய்த ஏற்பாடு அது. ஆயிரக்கணக்கான வோல்ட் வரும், ஆனால் கரண்ட் ஒன்றுமில்லை என்கிற அளவுதான், பயப்படாதீர்கள்.

பயப்பட வேண்டியது வேறு இரண்டு. பெட்ரோல் செட்டை மூடிய அறையில் ஓட்டவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பின்கட்டில் வெளிச்சம் சரியாக விழ வேண்டும் என்று ஜன்னலைச் சாத்தினான் என்றீர்களே, அது இனி நடக்கக் கூடாது. இரண்டாவது, எதையும் வீட்டுப் பிளக்கில் சொருகக் கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கல்யாண மண்டபத்தில் வெளி லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை நேரே வயரிங்கில் கொடுத்திருந்தார்கள். கரண்ட் வெளியே லைனுக்குப் போய், கம்பத்தில் ஏறியிருந்த லைன்மேன் கை கருகிவிட்டது. நல்ல வேளை, உயிர் பிழைத்தார்.

சரி, படிப்பு. கணக்கு குரூப்தான், மார்க் நடுத்தரம். கட் ஆஃப் இடம் கொடுத்தால் காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் இ.இ.இ. (எலெக்ட்ரிக்கல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ்) முதல் விருப்பமாகப் போடுங்கள். கிடைக்காவிட்டால் பணம் கட்டி எங்கேயோ ஒரு பி.இ. வாங்குவதை விட, பாலிடெக்னிக்கில் இ.இ.இ. டிப்ளமோ நல்லது. பிளஸ் டூ முடித்தவர்கள் நேரே இரண்டாம் வருஷம் சேரலாம். அதை முடித்துவிட்டு பி.இ. இரண்டாம் வருஷத்துக்குப் போகலாம். மொத்தம் ஐந்து வருஷம், ஒரு வருஷம் கூடுதல்தான். ஆனால் இவன் கையால் படிக்கிற பிள்ளை, அந்த ஒர்க்‌ஷாப் இவனுக்கு வேண்டும். 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. இவன் எட்டு வரை மெட்ரிக், அதனால் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொன்று பக்கத்திலேயே இருக்கிறது. சிக்ரி, காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து வந்த நிறுவனம், 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். மின்வேதியியல்தான் அங்கே முக்கிய வேலை: பேட்டரி, ஃபியூல் செல். சுழலாமல் கரண்ட் தருகிற வகைகள் எல்லாம் அந்தக் காம்பவுண்டுக்குள் இருக்கின்றன. செப்டம்பர் 26, சிக்ரியின் தாய் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் நிறுவன நாள். அதையொட்டிப் பொதுமக்களை உள்ளே விடும் வழக்கம் உண்டு. விசாரித்து அழைத்துப் போங்கள்.

போட்டோவுக்கென்று தனிப் படிப்பு இப்போது வேண்டாம். சினிமா ஒளிப்பதிவில் ஆசை என்றால் தரமணி அரசு திரைப்படக் கல்லூரியைச் சொல்வேன், ஆனால் இவன் படத்தில் ஒரு மனித முகம்கூட இல்லையே! இவனுக்கு ஏற்ற கேமரா வேலை மின்துறைக்குள்ளேயே இருக்கிறது. பேனலில் எந்த இணைப்பு தளர்ந்து சூடாகிறது என்று தெர்மல் கேமராவில் பார்ப்பது, ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலை இறக்கையில் விரிசல் இருக்கிறதா என்று ட்ரோன் விட்டுப் படம் எடுப்பது. ட்ரோன் சான்றிதழுக்குப் பத்தாம் வகுப்பும் 18 வயதும் போதும். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

அவனிடம் எனக்கு ஒரு குறை உண்டு. அத்தனை படத்தில் நேம் பிளேட் தெரிவது நாலைந்துதான். அந்தத் தகட்டில்தான் 62.5 கே.வி.ஏ., பவர் ஃபேக்டர் 0.8 என்று இருக்கும், பெருக்கினால் அந்தச் செட் தரக்கூடிய நிஜ சக்தி, 50 கிலோவாட். தகடு இல்லாத படத்தை எந்த இன்ஜினியரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார். இனி ஒவ்வொரு செட்டுக்கும் முன்பக்கம் ஒன்று, தகடு ஒன்று என்று எடுக்கட்டும். தேதி, இடம், எதற்கு ஓடுகிறது என்று நோட்டில் எழுதட்டும். நாளைக்கு இன்டர்வியூவில் காட்ட அதுதான் இருக்கும்.

மாடிப்படிக்கு அடியில் உங்கள் ஐயா காலத்து டைனமோ ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது, பழைய இரும்புக்குப் போடலாமா என்று எழுந்து போகும்போது கேட்டீர்கள். போட்டுவிடாதீர்கள். அதன் தகட்டை உப்புத்தாளால் தேய்க்காமல், மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெல்லத் துடைத்து, சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுக்கச் சொல்லுங்கள். எழுத்து அப்போதுதான் எழும்பித் தெரியும். வரும் சனிக்கிழமை அந்தப் படத்தோடு அவனையும் கூட்டி வாருங்கள், நான்கு மணிக்கு மேல் கூட்டம் இருக்காது.