நாவல் மரம்: கேட்டார்கள், சொன்னேன்

ஐயா, தோட்டத்து நாவல் தை, மாசியில் இலை கொட்டுகிறது. பட்டுப்போய்விடுமா? (பெருந்துறை)

பயப்படாதீர்கள். பசுமை மாறாத மரமும் பழைய இலையைக் கழிக்கும். நாவல் ஒரேயடியாக மொட்டையாகாது. நுனியில் செந்நிறத் தளிர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மரம் நலம்.

கொறங்காட்டில் (மானாவாரி மேய்ச்சல் நிலத்தில்) 100 கன்று நடலாமா அண்ணா? (காங்கேயம்)

வேண்டாம் தம்பி. கொறங்காட்டுக்கு வெள்வேலமும் கொழுக்கட்டைப் புல்லும்தான் பொருத்தம். மாடுகளும் அதை நம்பித்தான் இருக்கின்றன. நாவல் ஆற்றோரத்து மரம். வளர்ந்த மரம் வேரில் தண்ணீர் நின்றாலும் தாங்கும். சிறு கன்று வறட்சியில் கருகிவிடும். கிணற்று மேட்டில் 30 அடி இடைவெளி விட்டு நாலு கன்று வையுங்கள், போதும்.

போன ஆடியில் காயவைத்து எடுத்துவைத்த கொட்டை, ஒன்றுகூட முளைக்கவில்லை. (கோபி)

காயவைத்ததுதான் தவறு, அம்மணி. நெல்லைப் போல நாவல் கொட்டையைச் சேமிக்க முடியாது. ஈரம் போனால் உயிரும் போய்விடும். இரண்டு வாரம் தாண்டினாலே முளைப்பது அரிது. பழத்தை உப்புத் தொட்டுத் தின்ற கையோடு, கொட்டையைச் சதையில்லாமல் கழுவி, நிழலில் வைத்த பையில் ஒரு விரற்கணு ஆழத்தில் ஊன்றிவிடுங்கள். ஒரே கொட்டையிலிருந்து இரண்டு, மூன்று முளை எழும்பும். உள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் இருப்பதுதான் காரணம். எனக்கு இன்றும் அலுக்காத காட்சி அது! தடித்த முளையை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளுங்கள். விதைக்கன்று காய்க்க 8, 10 ஆண்டுகள் ஆகும். அவசரமென்றால் ஒட்டுக்கன்று வாங்குங்கள்.

சர்க்கரை நோய்க்குக் கொட்டைப் பொடி போதுமா? (ஈரோடு)

போதாது. பழைய கைவைத்தியம்தான், ஆனால் மாத்திரையை நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம்.

வாய்க்கால் ஓரத்துப் பெரிய மரத்தை விலைக்குக் கேட்கிறார்கள். கட்டை எதற்கு உதவும்? (கொடுமுடி)

தண்ணீரில் கிடந்தாலும் எளிதில் உளுக்காத கட்டை. அதனால்தான் கிணற்று வேலைக்குத் தேடிப்போய் வாங்கினார்கள். துவர்ப்பு மிகுந்த பட்டை தோல் பதனிடவும் மீன்வலைக்குச் சாயமேற்றவும் பயன்பட்டது. ஈறு வீங்கினால் அந்தப் பட்டைக் கஷாயத்தில் வாய் கொப்பளிப்பார்கள். இருந்தாலும் விற்காதீர்கள் ஐயா. சித்திரையில் அந்த மரத்தடியில் நின்று பாருங்கள், தேனீ இரைச்சல் காதை நிறைக்கும். பழம் பறிக்கப் பிள்ளைகளை மட்டும் ஏறவிடாதீர்கள். நாவல் கிளை சட்டென்று முறியும். நாலு பேர் வேட்டியை விரித்துப் பிடிக்க, ஒருவர் கம்பால் உலுக்கட்டும். பழைய வேட்டியாக எடுங்கள், கறை போகாது.