அம்மா ஸோயிக்காக எழுந்த ஊர் – கடிதம்

அன்புள்ள சார்,

பைசாண்டிய அரசர் இரண்டாம் பேசில் பத்தி நீங்க எழுதினதை படிச்சேன். 1025ல அவர் இறந்ததோட நிறுத்திட்டு, அதுக்கப்புறம் அவரோட குடும்பமான மாசிடோனிய வம்சம் பேருக்குத்தான் இருந்துச்சுன்னு ஒரே வரில முடிச்சிட்டீங்க. ஆனா 1042ல அவரோட தம்பி மகள் ஸோயியை நாடு கடத்தினப்ப தலைநகர் கான்ஸ்டான்டிநோபிள் ஜனமே திரண்டு அரண்மனைய தாக்கியிருக்காங்க. அறுபது வயசு தாண்டின, ஆட்சில எதுவும் சாதிக்காத ஒரு அம்மாவுக்காக சாதாரண ஜனங்க ஏன் உயிரைக் கொடுக்கணும்? இது குருட்டு ராஜபக்திதானா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த ஒரு வரி தப்புதான், இப்ப எழுதினா அப்படி எழுதமாட்டேன். போர்ல ஜெயிச்சவர் கதைய எழுதி முடிச்சதும் மீதியெல்லாம் சரிவுன்னு தள்ளிடற பழக்கம் வரலாறு எழுதற எல்லார்கிட்டயும் இருக்கு, என்கிட்டயும் இருக்கு. ஆனா அந்த வம்சம் எவ்வளவு ஆழமா வேர் விட்டிருந்துச்சுன்னு தெரியறது பேசில் காலத்துல இல்ல, நீங்க சொல்ற அந்த 1042 ஏப்ரல்லதான்.

குருட்டு பக்தியான்னு கேட்டீங்க. அந்த பக்தி எங்கேர்ந்து ஆரம்பிச்சுதுன்னு பாருங்க. வம்சத்தை தொடங்கின முதலாம் பேசில் ஒரு விவசாய வீட்டுப் பையன், அரண்மனைக்கு வந்தது குதிரை பழக்கறவனா. அப்ப அரசரா இருந்த மூன்றாம் மைக்கேல் அவரை கூட வச்சு வளர்த்துவிட்டு, தன்னோட காதலி யூடோக்கியாவையே அவருக்கு கட்டி வச்சு, 866ல இணை அரசராவும் ஆக்கினார், அடுத்த வருஷமே பேசில் அவரை ஆள் வச்சு கொன்னுட்டு தனியா உக்காந்துட்டார். அடுத்து வந்த ஆறாம் லியோ பேசிலுக்கு பொறந்தவரா மைக்கேலுக்கு பொறந்தவராங்கறதே ஊர்ப் பேச்சா இருந்துச்சு, லியோவும் பட்டத்துக்கு வந்ததும் மைக்கேலோட உடலை எடுத்து மரியாதையா திரும்ப அடக்கம் பண்ணார். இப்படி ஒரு குடும்பத்துக்கு யார் பக்தி வைப்பாங்க?

அடுத்த தலைமுறை இன்னும் சிக்கல். லியோவுக்கு மூணு மனைவிகளும் அடுத்தடுத்து இறந்துட்டாங்க, உயிரோட ஆண் வாரிசு இல்ல. 905ல இன்னொரு பெண்கிட்ட மகன் பொறந்தான், அவன்தான் ஏழாம் கான்ஸ்டன்டைன். அந்தம்மாவை லியோ நாலாவது மனைவியா கட்டிக்கிட்டார், திருச்சபை மூணாவதையே சகிச்சுக்காது, நாலாவதுன்னதும் திருச்சபைத் தலைவர் (பேட்ரியார்க்) நிக்கோலஸ் அரசரையே கோயிலுக்குள்ள விடாம தடுத்துட்டார். அப்போ அந்தக் குழந்தையோட உரிமைக்கு என்னதான் ஆதாரம்? அரண்மனைல ஊதாச் சிவப்புக் கல் பதிச்ச ஒரு பிரசவ அறை இருந்துச்சு, போர்ஃபிரான்னு பேரு. இவன் அந்த அறைல பொறந்தவன், போர்ஃபிரோஜெனிட்டோஸ், அதனால இவன்தான் அரசன்னு அந்தப் பட்டத்தை விடாம சொல்லிச் சொல்லி நிலைநிறுத்தினாங்க. எனக்கு இந்த இடம் ரொம்ப முக்கியமா படுது, ஏன்னா சட்டத்துல பலவீனமா இருந்த பிள்ளைக்குத்தான் பிறப்போட பெருமை இவ்வளவு அழுத்தமா தேவைப்பட்டுச்சு, அதையே ஊர் ஜனம் பிடிச்சுக்கிட்டாங்க. கடற்படைத் தளபதி ரோமனோஸ் லெகபெனோஸ் 920ல மேல வந்து கான்ஸ்டன்டைனை ஒதுக்கி வச்சார், இருபத்துநாலு வருஷம் கழிச்சு ரோமனோஸை அவரோட மகன்களே இறக்கினப்ப, கான்ஸ்டன்டைனுக்கு என்ன ஆச்சோன்னு ஜனங்க அரண்மனை வாசல்ல கூடினாங்க, அவர் தலைய வெளிய நீட்டி முகத்தைக் காட்டின பிறகுதான் அடங்கினாங்கன்னு அந்தக் கால இத்தாலிய வரலாற்றாசிரியர் லியுட்பிராண்ட் எழுதியிருக்கார். 1042ல நடந்தது திடீர்னு வந்த வெறி இல்ல, நூறு வருஷமா இருந்த ஒரு பழக்கம்.

இடைல நிக்கெபோரஸ் ஃபோகாஸ், ஜான் சிமிஸ்கெஸ்னு ரெண்டு பெரிய தளபதிகள் ஆண்டாங்க, அவங்களும் இந்த வீட்டுப் பெண்களையே கல்யாணம் பண்ணிக்கிட்டு, ஏழாம் கான்ஸ்டன்டைனோட பேரன்களான சின்னப் பசங்க இரண்டாம் பேசிலையும் தம்பி எட்டாம் கான்ஸ்டன்டைனையும் பேருக்காவது அரசர்களா வச்சிருந்தாங்க, தூக்கி எறியற துணிச்சல் வரல.

இப்ப ஸோயி. பெரியப்பா பேசில் கல்யாணமே பண்ணிக்கல, அப்பா எட்டாம் கான்ஸ்டன்டைனுக்கு பெண்பிள்ளைங்க மட்டும்தான். 1002ல ஜெர்மன் அரசர் மூன்றாம் ஓட்டோவுக்கு கட்டிக்கொடுக்க ஸோயியை கப்பல்ல அனுப்பினாங்க, இத்தாலி கரைல பாரில இறங்கினா மாப்பிள்ளை செத்துப்போன சேதி காத்திருந்துச்சு, அப்படியே திரும்பி வந்து இருபத்தாறு வருஷம் அந்தப்புரத்துலயே கிடந்தாங்க, கல்யாணம் ஆனப்ப வயசு ஐம்பது. இதை நினைச்சா எனக்கு இன்னும் மனசு பிசையும். கணவர்கள் மூன்றாம் ரோமனோஸும் நாலாம் மைக்கேலும் போன பிறகு, மைக்கேலோட சகோதரி மகனை தத்து எடுத்திருந்ததால அவனையே அரசனாக்கினாங்க. ஐந்தாம் மைக்கேல். அவனோட அப்பா முன்னாடி கப்பலுக்கு கலப்பத்து அடிச்சவர், அதாவது பலகை இடுக்குகளை அடைக்கிறவர், அதனால ஊர் வச்ச பட்டப்பேரே கலஃபாத்தேஸ் (நம்ம கடற்கரைல சொல்ற கலப்பத்துங்கற சொல் இதுக்கு போர்ச்சுகீஸ் வழியா சொந்தம்). புனிதப் பொருட்கள் மேல ஸோயிக்கு சத்தியம் பண்ணிக் கொடுத்தவன், நாலு மாசத்துல அவங்களையே பிரின்கிப்போ தீவுக்கு அனுப்பி தலைமுடிய வெட்டி கன்னியாஸ்திரி ஆக்கிட்டான்.

அறிவிப்பை சந்தைவெளில படிச்சதும் ஊர் கொதிச்சுது. அரண்மனைச் செயலாளரா இருந்த மைக்கேல் செல்லோஸ் நேர்ல பார்த்து எழுதியிருக்கார். வீட்டை விட்டு வெளிய வராத பெண்கள் தெருவுல மார்ல அடிச்சுக்கிட்டு ஓடுறாங்க, எங்க எஜமானி எங்கே, அவங்க அப்பா அரசர், தாத்தா அரசர், கொள்ளுத்தாத்தாவும் அரசர், கீழ்க்குடில பொறந்த ஒருத்தன் அவங்கமேல எப்படி கை வைக்கலாம்னு கேக்குறாங்க. கீழ்க்குடிங்கற அந்தப் பேச்சு எனக்கு உவப்பில்ல, முதல் பேசிலும் குதிரைலாயத்துலேர்ந்து வந்தவர்தானே, ஆனா நூத்தி எழுபத்தஞ்சு வருஷத்துல அது மறந்தே போச்சு. மைக்கேல் பயந்துபோய் ஸோயியை திரும்ப கூட்டிவந்து ஹிப்போட்ரோம்ங்கற குதிரைப் பந்தய மைதானத்துல காட்டினான், ஜனம் ஏத்துக்கல. கன்னிமடத்துல இருந்த தங்கச்சி தியோடோராவை, அவங்க மறுத்தும் விடாம இழுத்துட்டு வந்து ராஜ உடை போட்டு ஹாகியா சோபியா பெரிய கோயில்ல அரசியாக்கினாங்க. சண்டைல மூவாயிரம் பேர் செத்ததா வரலாற்றாசிரியர் ஸ்கைலிட்செஸ் எழுதறார். ஸ்டூடியோஸ் மடத்துல ஒளிஞ்ச மைக்கேலையும் அவன் மாமாவையும் வெளிய இழுத்து கண்ணைப் பிடுங்கினாங்க, கோபத்தோட போன செல்லோஸே அவங்க நிலைய பார்த்து அழுதுட்டாராம்.

நீங்க கேட்டதுக்கு என் பதில், அவங்க செத்தது ஸோயியோட சாதனைக்காக இல்ல. அரசனை யார் ஆக்கறது, யார் இறக்கறதுன்னு அந்த ஊர்ல எழுதி வச்ச வாரிசுச் சட்டம் இல்ல, படை, செனட், திருச்சபை, ஜனம் எல்லாரும் அதுல ஒரு கை வச்சிருந்தாங்க. ஜனத்தோட கைல இருந்தது இந்தக் குடும்பம்தான், யாரும் வாள எடுத்துட்டு வந்து உக்காரமுடியாதுன்னு சொல்ல அவங்களுக்கு கிடைச்ச ஒரே பிடி. அதனால குருட்டுன்னு என்னால சொல்ல முடியல.

அந்தப் பிடி எவ்வளவு பலம்னு பிறகு தெரிஞ்சுது. ஸோயியோட மூணாவது கணவர் ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் காலத்துல 1043ல மானியாகெஸ், 1047ல டோர்னிகியோஸ்னு ரெண்டு தளபதிகள் கிளம்பினாங்க, ரெண்டு பேரும் தோத்தாங்க, டோர்னிகியோஸ் மதில் வரைக்கும் வந்தும் ஊர் கதவைத் திறக்கல. 1050ல ஸோயி போயாச்சு, 1056 ஆகஸ்ட் கடைசில தியோடோராவும் பிள்ளையில்லாம இறந்தாங்க. அடுத்த வருஷம் ஐசக் கொம்னெனோஸ் படையோட வந்தார், இந்த தடவை கதவு திறந்துச்சு.

அன்புடன்