சிமென்ட் வேண்டாம், பொங்கல் வரை பொறுங்கள்

கேள்வி: எங்கள் மாதா கோயிலின் பழைய கல்லறைத் தோட்டத்தில் செங்கல் கல்லறைகளும் சுற்றுச்சுவரும் உப்புப் பூத்து உதிர்கின்றன. சுவரில் அரசங்கன்று வேறு. நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குள் சிமென்ட் பூசி, கல்வெட்டு எழுத்துகளுக்குக் கறுப்புப் பெயின்ட் அடிக்கலாம் என்கிறார்கள். என் பூட்டியின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. செய்யலாமா?
– வாசகி, நாகை மாவட்டம்

பதில்: வேண்டாம் அம்மா. கொத்து வேலைக்கு வந்த புதிதில் கடலோரக் கல்லறைச் சுவர் ஒன்றுக்கு நானே சிமென்ட் பூசியிருக்கிறேன். மூன்றாவது மழைக்காலம் கழித்துப் போய்ப் பார்த்தால், பூச்சு பாளம் பாளமாக விழுந்து கிடந்தது. கூடவே செங்கல்லின் முகமும் பெயர்ந்து வந்திருந்தது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புக் காரை வழியாக வெளியேறிவிடும். சிமென்ட் அதை அடைத்துவிடும். உப்பு உள்ளேயே படிகமாகிச் செங்கல்லை உடைக்கும். காரை தான் உதிர்ந்து கல்லைக் காப்பாற்றும். உதிர்ந்ததை மறுபடி பூசிக்கொள்ளலாம், செங்கல் போனால் போனதுதான்.

ஆனால் சுண்ணாம்பு வேலையையும் இப்போது தொடங்காதீர்கள். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்லத்தான் இறுகும். ஐப்பசி மழை பச்சைப் பூச்சைக் கரைத்துவிடும். பொங்கல் முடியட்டும். அதற்குள் சுண்ணாம்பை நீற்றி, தண்ணீருக்குள்ளேயே ஊறப் போடுங்கள். எவ்வளவு நாள் ஊறுகிறதோ அவ்வளவு நல்லது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு ஆற்று மணல், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். கடல் மணல் வேண்டவே வேண்டாம். பூசியதும் ஈரச் சாக்கு போர்த்துங்கள்.

அரசங்கன்றைப் பிடித்து இழுத்தால் சுவரும் சேர்ந்து வரும். அடியோடு அறுத்து, வெட்டுவாயில் களைக்கொல்லி தடவுங்கள். வேர் பட்டுப்போன பிறகு இடுக்கைக் காரையால் அடைக்கலாம்.

கல்வெட்டுக்குப் பெயின்ட், ஆசிட், கம்பி பிரஷ் எதுவும் ஆகாது. பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளில் 17ஆம் நூற்றாண்டு எழுத்துகளை இன்றும் வாசிக்கலாம், அவை கல்லில் செதுக்கிய எழுத்துகள். பெயின்ட் அடிப்பவர் கை தவறி ஓர் எழுத்தை மாற்றிவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அதுதான் பெயராகிவிடும்.

திருநாளுக்குப் புல்லை அறுங்கள், கல்லைத் தண்ணீர் விட்டு மெல்லிய நாரால் துடையுங்கள், அது போதும். அப்புறம் ஒரு நாள் இருட்டியதும் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பூட்டியின் கல்லில் அடியுங்கள். பகலில் தெரியாத எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். படித்ததை அங்கேயே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.